நீரிழிவுற்ற பூனையும் ஊர் செல்வோர் கடமையும்

நாய் ஆளை நம்பி வாழும், பூனை வீட்டை நம்பி வாழும் என்பது நம் நாட்டார் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்து. ஆதலின் ஊருக்குப் புறப்படுவோர் நாயைக் குறித்துக் கவலைகொள்ளும் அளவிற்குப் பூனையைக் குறித்துக் கவலைகொள்வதில்லை. ஒரு கிண்ணத்தில் உணவும் மற்றொன்றில் நீரும் வைத்து, எதிர்வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, “சற்றே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுகின்றனர். உடல்நலமுள்ள பூனைக்கு இவ்வேற்பாடு இரண்டொரு நாளைக்குப் போதியதாகலாம். நீரிழிவு நோயுற்ற பூனைக்கோ இது சிறிதும் போதாது. அப்பூனை வீட்டை நம்பி வாழ்வதன்று. நாள்தோறும் இருமுறை, குறித்த நேரத்தில், குறித்த அளவில் ஊசிமருந்து செலுத்தும் ஒரு கையை நம்பி வாழ்வது. அந்தக் கை ஊருக்குப் போய்விட்டால் அதனிடத்தில் வேறொரு கை வரவேண்டும். அக்கையை எவ்வாறு தேடுவது, அதற்கு நாம் எவற்றைக் கடன்பட்டிருக்கிறோம் என்பவற்றைப் பற்றியே ஈண்டுச் சில கூறத் துணிந்தேன்.

பூனைக்கும் சர்க்கரை வியாதி வருமோ என்று நகைப்பாரும் உளர். வரும். வயது முதிர்ந்த பூனைகளுக்கும், உடல் பருத்து வீட்டினுள்ளேயே கிடக்கும் பூனைகளுக்கும், விதை நீக்கப்பெற்ற ஆண் பூனைகளுக்கும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. சிலவகை மருந்துகளை நீண்டகாலம் கொடுப்பதனாலும் இது தோன்றுவதுண்டு. பூனை அடிக்கடி நீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நிரம்ப உண்டும் மெலிந்துகொண்டே வரும். சிலவற்றிற்குப் பின்னங்கால்கள் தளர்ந்து குதிகால் தரையிற்படிய நடக்கும். மனிதரில் இந்நோய் கண்டோர்க்கு நிகழ்வனவற்றையும் இவற்றையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு நோய் ஒன்றே என்பது விளங்கும்.

மருந்தும் பெரும்பான்மை ஒன்றேயாம். 1921-ஆம் ஆண்டில் கானடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலின் என்னும் பொருளைக் கணையத்தினின்றும் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்தில் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு அது முதன்முதற் செலுத்தப்பட்டது. அம்மருந்தின் ஆற்றலை ஆராய்வதற்கு நாய்கள் பல தம் உயிரைத் தந்தன. பிராணிகளின் உடலில் ஆராய்ந்து மனிதர்க்கெனக் கண்ட மருந்து இன்று பிராணிகளுக்கும் உதவுகிறது என்றால், அதனை அவற்றிற்குச் செய்யும் தானமென்று கொள்வதினும் பழங்கடனைத் திருப்பிக் கொடுத்தலென்று கொள்வதே நேரிதாகும். மேல்நாடுகளில் 2022-ஆம் ஆண்டு முதலாக வாய்வழிக் கொடுக்கும் மருந்துகள் சில பூனைகளுக்கென ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பினும், அவை எல்லாப் பூனைக்கும் பொருந்துவனவல்ல. ஆதலின் ஊசியே பலவற்றிற்கு வழியாக நிற்கிறது.

இம்மருந்தில் இருபுறமும் அபாயம் உண்டென்பதை அறிதல் வேண்டும். பல நாட்கள் மருந்தே இன்றி விட்டால் உடல் கொழுப்பைக் கரைத்துத் தன்னையே உண்ணத் தொடங்கும். இரத்தத்தில் அமிலப்பொருள்கள் பெருகும். பூனை உணவை வெறுத்து, வாந்தியெடுத்து, இறுதியில் மாளும். மருந்து மிகுந்தாலோ இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து, சில மணி நேரத்திலேயே தள்ளாட்டமும் வலிப்பும் மயக்கமும் உண்டாகும். முன்னையது மெல்லக் கொல்லும். பின்னையது விரைந்து கொல்லும். இவ்விரண்டற்கும் இடையிலுள்ள ஒடுக்கமான வழியிலேயே நோயுற்ற பூனை நடக்கிறது. உடையவர் ஊரில் இல்லாத நாட்களிலும் அவ்வழி அகலமாகிவிடுவதில்லை.

இனிச் சென்னைமாநகரின் தென்பாலுள்ள கோட்டூர்புரம் போன்றதொரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அடையாற்றின் கரையில் அமைந்த அவ்விடத்தில் அடுக்குமாடி இல்லங்களும், தனிமனைகளும், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்களும் அருகருகே உள்ளன. பணி நிறைந்து ஓய்வுபெற்ற பெரியோர் பலர் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பர். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் தாயும் தந்தையும் ஒருமித்துப் புறப்படுவர். போனால் மூன்று திங்கள், சிலபோழ்து ஆறு திங்கள். பிள்ளைகள் வீட்டைவிட்டுச் சென்றபின் அவ்வீட்டில் எஞ்சிய துணை பெரும்பாலும் ஒரு முதிய பூனையாகவே இருக்கும். பூனையும் முதியது, பிரிவும் நெடியது என்னும் இவ்விரண்டும் சேருமிடத்தில்தான் நாம் கூறும் இடர் தோன்றுகிறது. நம் கல்லூரியிற் பயின்று அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு இது தம் பெற்றோர் இல்லத்துக் காரியமாகவே இருத்தல் கூடும்.

அத்தகையோர் செய்யும் ஏற்பாடுகள் நான்கு வகையின. பிராணிகளைப் பணம் பெற்றுக் காக்கும் விடுதியில் விடுதல் ஒன்று. கால்நடை மருத்துவமனையிற் சேர்த்தல் மற்றொன்று. உறவினர் இல்லத்திற்குப் பூனையை அனுப்புதல் மூன்றாவது. பூனையைத் தன் வீட்டிலேயே வைத்து, ஒருவரை வந்து போகச் செய்தல் நான்காவது.

இவற்றுள் முதல் மூன்றும் பூனையை இடம்பெயர்க்கின்றன. இடம் பெயர்ந்த பூனை பலபோழ்து உணவை மறுக்கும். கட்டிலின் அடியிற் சென்று ஒளியும். அச்சத்தினால் பூனையின் இரத்தத்திற் சர்க்கரை உயர்ந்து நிற்பதும் மருத்துவர் நன்கறிந்த செய்தி. உண்ணாத பூனைக்கு வழக்கமான அளவில் மருந்து செலுத்துதல் ஆபத்து; செலுத்தாது விடுதலும் நாட்பட்டால் ஆபத்து. அன்றியும் நாய்களின் குரைப்பு ஓயாத விடுதியில் ஒரு முதிய பூனையை மாதக்கணக்கில் அடைத்து வைத்தலை யாரும் விரும்பார். நோய் கட்டுக்கடங்காத நிலையிலுள்ள பூனைக்கு மருத்துவமனையே தக்கது என்பதில் ஐயமில்லை. நிலைபெற்ற அளவில் மருந்து நடந்துவரும் பூனைக்கு அதன் சொந்த வீடே சிறந்தது என்பது என் கருத்து. ஆகவே நான்காவது வழியையே விரித்துப் பேசுவேன்.

நான்காவது வழியில்தான் நம்மவர் பெருந்தவறு இழைக்கின்றனர். தக்க ஒருவரைத் தேடி அமர்த்துவதற்குப் பதிலாக, மறுக்க இயலாத ஒருவரைத் தேடுகின்றனர். வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி, மாடி வீட்டுக் காவலாளி, கீழ்வீட்டுப் பள்ளிச் சிறுவன் ஆகிய இவர்களுள் ஒருவரிடம் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் ஊசியைக் கையிற் கொடுத்து, “இவ்வளவுதான், எளிது” என்று காட்டிவிட்டுப் போகின்றனர். அப்பெண்மணி நான்கு வீடுகளில் வேலை செய்பவள். காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் மாலை ஏழு மணிக்கு ஒருமுறையும் அவள் வரவேண்டும் என்றால், மாலையில் தன் குடும்பத்தார்க்கு அடுப்பு மூட்டவேண்டிய நேரத்தை அவள் இழக்கிறாள். அதற்கெனத் தனிக்கூலி பேசப்படுவதில்லை. ஊரிலிருந்து வரும்போது ஒரு புடைவை வாங்கிவருவதாகச் சொல்லப்படும். பூனை பிழைத்திருந்தால் அது பூனையின் ஆயுள். இறந்துவிட்டால் அவள் கவனக்குறைவு. இவ்வாறு அன்பின் பெயரால் எளியவர் தலையில் ஏற்றப்படும் சுமையை யான் அன்பென்று ஒப்புக்கொள்ளேன்.

வைணவ ஆசாரியர் இருவகை நியாயங்களைக் கூறுவர். குரங்கின் குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ளும். பூனையின் குட்டியோ ஒன்றும் செய்யாதிருப்ப, தாயே அதனை வாயாற் கவ்விக் கொண்டுசெல்லும். தென்கலையார் இரண்டாவதனை எடுத்துக்காட்டி, உயிர் இறைவனிடம் முழுதும் தன்னை ஒப்புவித்து நிற்றலை விளக்கினர். மார்ஜார நியாயம் என்று பெயர்பெற்ற அவ்வுவமை நோயுற்ற பூனைக்கு வேறொரு வகையிற் பொருந்துகிறது. அது தன் மருந்தைத் தான் கேளாது. வேளை தவறியதைச் சொல்லாது. அளவு மிகுந்ததை மறுக்காது. முற்றும் பிறர் கவ்வுதலிலேயே அது தொங்குகிறது. ஆதலின் கவ்வும் பல்லின் அழுத்தம் இவ்வளவென்று தாய்ப்பூனை அறிந்திருப்பதுபோல, அதனைத் தாங்குவோரும் தம் செயலின் அளவை அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

அவ்வாறு ஒருவர் அறிந்து தாங்கவேண்டுமாயின் உடையவர் அவர்க்கு மூன்றைக் கடன்பட்டவராவர். அவை கல்வி, கூலி, அதிகாரம் என்பன. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் ஏற்பாடு முழுமையடையாது என்பதே இக்கட்டுரையின் முடிபு. அவற்றை முறையே விளக்குவேன்.

முதலாவது கல்வி. புறப்படும் நாளுக்கு முதல்நாள் கற்பித்தல் கற்பித்தலாகாது. குறைந்தது பத்து நாட்களாயினும் பார்ப்பவர் வந்து, முதலிற் கண்டும், பின் உடையவர் அருகிருக்கத் தாமே செலுத்தியும் பழகவேண்டும். பூனைக்கும் அவர் வாசனையும் குரலும் பழகவேண்டும். அன்னியரைக் கண்டு அலமாரியின்மேல் ஏறிவிட்ட பூனைக்கு எவராலும் ஊசி போட இயலாது. பூனை உணவில் வாய் வைத்தபின், கழுத்தின் பின்புறத்திலோ விலாப்புறத்திலோ தளர்ந்த தோலை மெல்லத் தூக்கி ஊசியைச் செலுத்துதல் பழகிய கைக்கு அரை நிமிஷத்து வேலை. பழகாத கைக்கோ மருந்து தோலுக்குள் போயிற்றா மயிரின்மேல் வழிந்ததா என்பதே தெரியாது.

கற்பிப்பவற்றுள் தலையாயது ஊசிக்குழலின் அடையாளம். நம் நாட்டில் இன்சுலின் இருவகைச் செறிவில் விற்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு உள்ளது ஒன்று. 100 அலகு உள்ளது மற்றொன்று. 40-க்குரிய குழலின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு நிறம். 100 அலகுச் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 2 என்னும் கோடுவரை இழுத்தால், உள்ளே செல்வது 2 அலகன்று, 5 அலகு. பூனைக்குத் தொடக்கத்தில் மருத்துவர் குறிப்பது வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு அலகே ஆதலின், இப்பிழை ஒன்றே அதன் உயிரைப் போக்கப் போதும். குழல் தீர்ந்துவிட்டதென்று பார்ப்பவர் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவருதல் எளிதில் நிகழக்கூடியது. ஆகவே வேண்டிய குழல்களைக் கணக்கிட்டு, மேலும் சில சேர்த்து, உடையவரே வாங்கி வைத்துவிட்டுப் போதல் கடமை.

உணவைப் பற்றியும் தெளிவாகச் சொல்லவேண்டும். பூனை இயற்கையில் ஊனுண்ணி. மாவுப்பொருளை அதன் உடல் நன்கு ஆளுவதில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் பூனை பாலும் தயிர்ச்சோறும் உண்டே வளர்கின்றது. நீரிழிவு கண்டபின் மருத்துவர் உணவை மாற்றி அதற்கேற்ப மருந்தை அளந்திருப்பார். பார்ப்பவரோ, தனித்திருக்கும் பூனையின்மேல் இரக்கமுற்று, ஒரு கரண்டி பால்சோறு இடுதல் கூடும். அவ்விரக்கம் மருத்துவர் அளந்த அளவைக் கெடுத்துவிடும். அதுபோலவே உடையவர் இல்லாத காலத்தில் உணவுவகையைப் புதிதாக மாற்றுதலும் கூடாது. மாவுப்பொருளைத் திடீரெனக் குறைத்தால் பழைய அளவு மருந்தே மிகையாய் முடியும்.

மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம். பூனை உண்ணாவிடின் மருத்துவரைக் கேளாமல் ஊசி போடலாகாது என்பது ஒன்று. போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் மறுபடியும் போடலாகாது என்பது இரண்டு. ஒருவேளை தவறுதல் பெரும்பாலும் பொறுக்கத்தக்கது, இருமடங்கு செலுத்துதல் பொறுக்கத்தகாதது. பூனை தள்ளாடினாலோ துவண்டாலோ வலிப்புற்றாலோ, தேனையாவது சர்க்கரைக் கரைசலையாவது சிறிதளவு ஈறுகளில் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது மூன்று. நினைவிழந்த பூனையின் வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது. வலிப்பு நிகழும்போது வாயினுள் விரலை நுழைத்தலும் ஆகாது. சில பூனைகளுக்குச் சிகிச்சையினிடையே நோய் தானே தணிந்து, மருந்து வேண்டாத நிலை எய்துவதும் உண்டு. நேற்றுவரை சரியாயிருந்த அளவு இன்று மிகையாகலாம் என்பதனால் இம்மூன்றாம் விதி எவர்க்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது கூலி. ஊசி போடுதலும், உண்டது எவ்வளவு என்று குறித்தலும், மணல்தட்டைச் சுத்தம் செய்து சிறுநீரின் மிகுதி குறைவை நோக்குதலும் வேலை, உதவியன்று. வேலைக்குக் கூலி உண்டு. நாளைக்கு இருமுறை நடந்து வருவதற்கும், அதனால் விட்டொழிக்கும் பிற வேலைக்கும் ஈடாகப் பேசி, ஒரு பகுதியை முன்னரே கொடுத்துவிடுதல் முறை. கூலி பெற்றவர்க்குத் தம் பணியிற் பெருமை உண்டாகும். இயலாத நாளில் “இன்று என்னால் ஆகாது, வேறொருவரை அனுப்புங்கள்” என்று வாய்திறந்து சொல்லும் துணிவும் உண்டாகும். உதவியாகச் செய்பவரோ இயலாமையை மறைப்பர். மறைத்ததனால் விளையும் தீங்கைப் பூனை அனுபவிக்கும். அயல்வீட்டார் பணம் பெற மறுப்பாராயின் அவர்க்கு வேறு வகையிற் கைம்மாறு செய்யலாம். ஆனால் மறுக்க இயலாதவரிடம் இலவசமாக வாங்குதல் மட்டும் ஒருகாலும் தகாது.

மூன்றாவது அதிகாரம். இதனைப் பெரும்பாலார் மறந்தேவிடுகின்றனர். நள்ளிரவில் பூனை வலிப்புற்றால் பார்ப்பவர் என்ன செய்வது? உடையவர் இருக்கும் நாட்டில் அப்போது பகலாயிருக்கலாம். ஆயினும் அவர் விமானத்தில் இருக்கலாம். மருத்துவர் பணம் கேட்பார், ஒப்பம் கேட்பார். வீட்டில் வேலை செய்யும் பெண்மணி மருத்துவமனை வாயிலில் நின்று, யாருடைய பூனை என்று கேட்பார்க்கு விடைசொல்ல வகையின்றித் தவிப்பாள். ஆதலின் உடையவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று அவளிடம் இருத்தல் வேண்டும். இப்பூனைக்கு இன்ன நோய், இன்ன மருந்து, இன்ன அளவு. இவரை யான் நியமித்தேன். இவர் கேட்கும் சிகிச்சையைச் செய்க. இத்தொகைவரை யான் பொறுப்பு. பூனை பிழைக்காதென்று மருத்துவர் துணிந்தால் இன்னது செய்க. இத்தனையும் அக்கடிதத்தில் அடங்கவேண்டும். மருத்துவச் செலவுக்கென ஒரு தொகையையும் தனியே வைத்துப் போகவேண்டும். யாதாயினும் தீங்கு நேர்ந்தால், விதிகளின்படி நடந்த அவரை யான் குறைகூறேன் என்னும் வாக்கியமும் அதில் இருத்தல் நன்று. பொறுப்பை ஒருவர்க்கும் அதிகாரத்தை மற்றொருவர்க்கும் வைத்தல் எந்த நிர்வாகத்திலும் கேடு பயக்கும். பூனை வளர்ப்பிலும் அப்படியே.

மருத்துவமனை எது என்பதையும் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அக்கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. அண்மையில் தனி மருத்துவர்களும் உளர். நள்ளிரவில் திறந்திருப்பது எது, வழி எது, பூனையை எடுத்துச்செல்லும் கூடை எங்குள்ளது என்பவற்றைப் பார்ப்பவர் ஒருமுறை நேரிற் சென்று அறிந்திருந்தால் தடுமாற்றம் குறையும்.

தக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்றே என்று சிலர் வினவலாம். இதற்கு விடை நம் நகரத்திலேயே உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் எனக் கணித்தது. சென்னை இராயபுரத்தில் 1954-ஆம் ஆண்டில் எம். விசுவநாதன் நிறுவிய மருத்துவமனை பின்னர் நீரிழிவுக்கென்றே உரியதாயிற்று. இந்நோயோடு தலைமுறைகளாகப் பழகிய நகரம் இது. இன்சுலின் ஊசியைத் தமக்குத் தாமே இருபது ஆண்டுகளாகப் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்டல் அரிது. குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும், உறையவிடலாகாது, சர்க்கரை தாழ்ந்தால் வியர்வையும் நடுக்கமும் வரும் என்பனவெல்லாம் அவர் தம் உடலால் அறிந்தவர். அவரைப் போய்க் கேட்பதற்கு நம்மவர் நாணுகின்றனர். ஆனால் அவர் பெரும்பாலும் மகிழ்ந்தே இசைவர். தம் நோய்க்கு ஒரு பயன் உண்டாயிற்று என்று எண்ணுவாரும் உளர்.

எனினும் அவரிடத்தும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவர் தமக்கு இருபது அலகு இழுத்துப் பழகியவர். கை பழக்கத்தின் வழியே செல்லும். மனிதரின் இரத்தத்தை அளக்கும் குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்திற் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதும் அவர் அறியாதது. ஆகையால் அறிந்தவர்க்கும் புதிதாகவே கற்பித்தல் வேண்டும்.

இனி ஏற்பாடு செவ்வையாயிருப்பினும் இயற்கை குறுக்கிடும் என்பதற்குக் கோட்டூர்புரமே சான்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று பெருமழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியினின்றும் நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு அப்பகுதியின் தெருக்களிற் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்டனர். மின்சாரம் நின்றது, தொலைபேசிகள் பல ஊமையாயின. விமான நிலையத்தில் நீர் சூழ்ந்து, பயணிகள் விமானங்கள் சில நாட்கள் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவோம் என்று புறப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்திருப்பர்? மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டி வெப்பமடைந்திருக்கும். இருமுறை வருபவள் இடுப்பளவு நீரைக் கடந்து வருதல் எங்ஙனம்? அவள் வீட்டினுள்ளும் அல்லவா நீர் புகுந்திருக்கும்!

ஆகவே ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நெடும்பயணத்தைத் தவிர்த்தல் கூடுமாயின் தவிர்க்கவேண்டும். கூடாதாயின் அதே கட்டடத்தில் வாழும் இரண்டாமவர் ஒருவரும் ஊசி கற்றிருக்கவேண்டும். சாவி ஒன்று அவரிடமும் இருக்கவேண்டும். மருந்துக்குப்பி இரண்டாக இருப்பதும், மின்சாரம் நின்றால் பயன்படுத்தக் குளிர்காக்கும் குடுவை ஒன்று இருப்பதும், குறித்த நாளைக் கடந்து பதினைந்து நாட்களுக்காகும் உணவு இருப்பதும் தேவை. ஒருவரையே நம்பிய ஏற்பாடு அவர்க்குக் காய்ச்சல் கண்ட அன்றே முறிந்துவிடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மற்றுமொரு தடை கூறப்படும். இன்சுலின் வாங்க வழியற்ற மனிதர் இருக்கையில் பூனைக்கு இத்துணை ஆரவாரமா என்பது அது. இக்கேள்வியை இகழ்ந்து தள்ளுதல் நேர்மையன்று. ஏழை நோயாளர்க்கு மருந்து கிடைக்கவேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. அதற்காக உழைப்பாரை வணங்குகிறேன். ஆயினும் பூனையைச் சாகவிடுதலால் எந்த ஏழைக்கும் ஒரு துளி மருந்து கூடுவதில்லை. அன்றியும் ஈண்டுக் கூறியவற்றை உற்று நோக்கின், அவற்றுட் பெரும்பகுதி பூனையைப் பற்றியதன்று என்பது புலனாகும். வேலைக்குக் கூலி, அறியாதார்க்குக் கல்வி, பொறுப்பேற்றார்க்கு அதிகாரம் என்னும் இவை மனிதர்க்கு மனிதர் செலுத்தவேண்டியவை. பூனையின் பொருட்டு அவற்றைப் பழகுவோர் முதியோரையும் நோயாளரையும் காக்க ஆள் அமர்த்தும்போதும் அவற்றை மறவார்.

சட்டமும் இதனை ஒருவாறு சொல்கிறது. அடையாற்றிலே வாழ்ந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்தபோது பிராணிகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்க மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவராயினார். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒரு பிராணியைத் தம் காப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்திற்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்யவும், வேண்டாத துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என விதிக்கிறது. ஊருக்குப் போனவரும் உடையவரே. அவரைவிட்டு அக்கடமை நீங்குவதில்லை. “ஆள் வைத்தேன்” என்பது மட்டும் போதிய விடையாகாது. தக்க ஆளைத் தக்கவாறு வைத்தாரா என்பதே வினா.

இவ்வளவும் செய்ய இயலாதவர் என் செய்வது? இரண்டு நாட் பயணமாயின் குடும்பத்தில் ஒருவர் தங்கிவிடலாம். ஆறு திங்கட் பயணமாயின், நோயை அறிந்து ஏற்கும் வேறொரு குடும்பத்திற்குப் பூனையை முற்றிலும் ஒப்படைத்துவிடுதல், அரைகுறையான ஏற்பாட்டினும் மேலானது. அதில் இழிவொன்றுமில்லை. கடற்கரையிலோ கோயில் வாயிலிலோ கொண்டுபோய் விடுதல் மட்டும் மருந்தின்றிக் கொல்லுதலே ஆகும். மருந்தினால் அடக்கக்கூடிய நோய்க்கு, பயணத்தின் வசதிக்காக உயிரையே முடித்துவிடும்படி மருத்துவரைக் கேட்பதும் என் மனத்திற்கு ஒவ்வாதது. மருந்துக்கும் அடங்காத துன்பம் நேருங்கால் அது வேறு பேச்சு.

மாணவ நண்பர்காள், இப்பொருளில் உங்களுக்கும் பங்குண்டு. விடுமுறை நாட்களில் அயல்வீட்டார் உங்களிடம் ஊசியைக் கொடுத்தால், நாணத்தினால் உடனே தலையசைத்துவிடாதீர்கள். எத்தனை நாள், எந்தச் செறிவு, எந்தக் குழல், எந்த மருத்துவர், யார் இரண்டாமவர் என்று கேளுங்கள். விடை கிடையாவிடின் மறுத்துவிடுங்கள். அம்மறுப்பே அப்பூனைக்கு நீங்கள் செய்யும் முதல் உதவியாகும். விடை கிடைத்தால் கற்றுக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றபின் ஒருவேளையும் தவறாதீர்கள். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும், தத்தம் இல்லத்துச் சாவியை ஒருவர் கையில் வைக்கும்போது, அவர்க்கு வேண்டிய கல்வியும் கூலியும் அதிகாரமும் அதனோடு சேர்ந்து செல்கின்றனவா என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராக. அவை செல்லுமாயின் ஊர் செல்வோர் மனம் அமைதியுறும். பார்ப்பவர் அஞ்சாது பணிபுரிவர். வாய்பேசா அவ்வுயிரும் தன் வேளை மருந்தைத் தன் வீட்டிலிருந்தே பெற்று வாழும்.